52/36, 11-28 வைத்து கோத்தகிரி ஏற முடியவில்லை: எந்தக் கியருக்கு மாறலாம்?

ஈரோடு_பைபாஸ்

வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரோடு பைக் ஒன்று வைத்திருக்கிறேன். ஷிமானோ 105, 5800 தொடர், 11 வேகம். முன்னால் பெடல் பக்கம் 52, 36 பல் உள்ள இரண்டு செயின்ரிங் (52/36), பின் சக்கரத்தில் 11 முதல் 28 பல் வரையுள்ள கேசட் (11-28). பெருந்துறை பைபாஸிலும் பவானி ரோட்டிலும் ஓட்டும் வரை ஒரு குறையும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போதுதான் வண்டவாளம் தெரிந்தது. குஞ்சப்பனை வருவதற்கு முன்பே கடைசிப் பல்லுக்கு வந்துவிட்டேன். அதற்குமேல் லீவரைத் தட்டினால் வெறும் டிக் சத்தம்தான். சரிவு கூடும் இடங்களில் நிமிடத்துக்கு 48 சுற்றைத் தாண்டி மிதிக்க முடியவில்லை. முழங்காலின் முன்பக்கம் அதற்கப்புறம் பல நாள் வலித்தது.

வயது 43, எடை 82 கிலோ. பந்தயம் எதுவும் ஓட்டப்போவதில்லை. டிசம்பரில் நண்பர்கள் கொல்லிமலை போகலாம் என்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவு என்று கேட்டதிலிருந்தே முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் கேட்டதற்கு, "இந்த செட்டுக்கு 28க்கு மேல போட முடியாதுங்க சார், முழு குரூப்செட்டையும் 12 வேகத்துக்கு மாத்திடுங்க" என்றார்கள். லீவர், டீரெய்லர், கிராங்க் என்று எல்லாவற்றையும் மாற்றும் அந்தச் செலவு பைக் வாங்கிய விலையை விட அதிகம். உண்மையிலேயே வேறு வழி இல்லையா?

பெடல்_பாண்டி

கோத்தகிரி சராசரி 4.5 சதவீதம் கூட வராது நண்பா. 33 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் ஏற்றம், அவ்வளவுதான். நாங்கள் 39/25 வைத்து ஏறியவர்கள். காசை மிச்சம் பிடித்து, எடையில் ஐந்து கிலோ குறைத்து, வாரம் ஒருமுறை சென்னிமலை அடிவாரத்திலிருந்து மேலே போய் வாருங்கள். கியர் தானாக இலகுவாகிவிடும்.

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

தம்பி, குரூப்செட் முழுவதும் மாற்றத் தேவையில்லை. ஆனால் 28க்கு மேல் போகாது என்று கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால் அவரை அப்படியே தள்ளிவிடவும் வேண்டாம்.

முதலில் ஒரு வேலை செய். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டீரெய்லரின் உள்பக்கம், சக்கரத்தைப் பார்த்த மாதிரி இருக்கும் இடத்தில் மாடல் எண் பொறித்திருப்பார்கள். ஆர்டி-5800 என்று தொடங்கி கடைசியில் எஸ்எஸ் என்று இருக்கிறதா, ஜிஎஸ் என்று இருக்கிறதா பார்த்துச் சொல். எஸ்எஸ் என்றால் குட்டைக் கூண்டு (டீரெய்லரில் தொங்கிக்கொண்டு செயினை இழுத்துப் பிடிக்கும் பகுதி), ஷிமானோ கணக்கில் பெரிய பல் 28 வரை. ஜிஎஸ் என்றால் நடுத்தரக் கூண்டு, 32 வரை.

இரண்டாவது கணக்கு செயினின் தொய்வு. முன் செயின்ரிங்குகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையும் கேசட்டின் பெரிய பல், சின்ன பல் வித்தியாசத்தையும் கூட்டு. உன்னுடையதில் 52-இல் 36 போனால் 16. 28-இல் 11 போனால் 17. மொத்தம் 33. எஸ்எஸ் கூண்டால் இழுத்துப் பிடிக்க முடிகிற தொய்வும் சரியாக 33தான். அதாவது பைக்கை விற்றவர் ஏற்கனவே எல்லைக்கோட்டில் நிறுத்திவிட்டுத்தான் விற்றிருக்கிறார்.

ஈரோடு_பைபாஸ்

எஸ்எஸ் தானுங்க அண்ணாச்சி. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பாண்டி அண்ணா, எடை குறைக்க வேண்டியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பருக்குள் குறைவது மூட்டுவலியாக இருந்தால் நல்லது.

பழைய_ஹெர்குலிஸ்

39/25 பெருமை எனக்குப் புதிதல்ல. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ்சுக்கும் டீரெய்லர் என்றாலே ஆகாது. கியர் மாற்றுவது ஆண்மைக்கு இழுக்கு என்கிற ரகம். 1903இல் தொடங்கிய பந்தயத்தில் 1937 வரை டீரெய்லரை அனுமதிக்கவே இல்லை. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு பல் வைத்திருப்பார்கள். மலை வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். அதே டூரில் இன்று ஓட்டுகிறவர்கள் செங்குத்தான ஏற்றம் வரும் நாளில் பெரிய கேசட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

பெடல்_பாண்டி

ஆண்மை பற்றி நான் பேசவில்லையே ஐயா. பழகாத காலுக்கு எந்தக் கியர் போட்டாலும் போதாது என்றுதான் சொன்னேன். 34 போடுவார்கள், அப்புறம் 36 வேண்டும் என்பார்கள்.

வாட்ஸ்_வள்ளி

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 82 கிலோ ஆள், பைக், தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் சேர்த்து 94 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். 25 மி.மீ. டயர், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர்.

36/28இல் பெடல் ஒரு முறை சுற்றினால் பைக் 2.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.7 கி.மீ. எட்டு சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 225 வாட் வேண்டும். பொழுதுபோக்காக ஓட்டும் பெரும்பாலானவர்களால் அதை ஒரு மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் என்ன ஆகிறது? காலால் 180 வாட்தான் தர முடிகிறது என்றால், வேகம் 7.8க்கு இறங்கி, சுற்று 48க்கு வந்து நிற்கிறது. ஈரோடு தம்பி சொன்ன 48 வேறு எங்கிருந்தும் வரவில்லை.

இப்போது அதே ஆள், அதே 180 வாட், அதே 7.8 கி.மீ. வேகம். பின்னால் 34 பல் போட்டால் சுற்று 58. முன்னாலும் 34 ஆக்கிவிட்டால் 62. முன்னால் 30, பின்னால் 34 என்றால் 70. ஆள் ஒரு நிமிடம் கூட முன்னதாகக் கோத்தகிரி போய்ச் சேரப்போவதில்லை. மாறுவது ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தள்ள வேண்டிய பாரம்தான். 48 சுற்றில் கிராங்கில், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையில், விழும் சராசரி முறுக்கு விசை 36 நியூட்டன் மீட்டர். 70 சுற்றில் அது 25க்குக் கீழே வந்துவிடும்.

பாண்டி அண்ணா சொல்லும் 4.5 சராசரியைப் பற்றி ஒன்று. மேட்டுப்பாளையம் ஊருக்குள்ளிருந்து தொடங்கினால் முதல் சில கிலோமீட்டர் கிட்டத்தட்ட சமதளம். அதையும் சேர்த்து வகுத்தால் சராசரி குறையத்தான் செய்யும். ஏற்றம் தொடங்கிய பிறகு ஐந்து, ஆறுக்குக் கீழே அதிகம் இறங்காது. வளைவுகளின் உள்பக்கம் அதற்கும் மேலே போகும்.

அடையாறு_ஆலமரம்

நான் இதே 5800 எஸ்எஸ் டீரெய்லரில் 11-32 போட்டு ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போய் வருகிறேன். 28க்கு மேல் போகாது என்பதெல்லாம் காகிதத்தில்தான். டீரெய்லரைப் பல்லிலிருந்து தள்ளி வைக்கும் பி-ஸ்க்ரூவை உள்ளே திருகினால் இடம் கிடைத்துவிடும்.

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

ஆலமரம், உங்கள் பைக்கில் ஓடுகிறது, நம்புகிறேன். ஃபிரேமில் டீரெய்லர் தொங்கும் காது, அதாவது ஹேங்கர், சில பைக்கில் கொஞ்சம் நீளம், சிலதில் குட்டை. நீளமாக இருந்தால் 30, அதிர்ஷ்டம் இருந்தால் 32 கூட உட்காரும். குட்டையாக இருந்தால் மேல் ஜாக்கி சக்கரம், அதாவது டீரெய்லரில் செயின் ஓடும் குட்டிச் சக்கரம், பெரிய பல்லின் முதுகில் உரசிக்கொண்டே வரும். உங்களுக்கு முன்னால் 50/34 ஆக இருந்தாலும் தம்பியின் 52/36 ஆக இருந்தாலும் வித்தியாசம் 16. 11-32க்கு 21. கூட்டினால் 37. கூண்டின் திறன் 33. நான்கு பல் அளவு செயினை அது இழுத்துப் பிடிக்காது. சின்னதுக்குச் சின்னது, அதாவது முன்னாலும் பின்னாலும் சின்னப் பல், போட்டால் செயின் தொங்கும். அது அசிங்கம், ஆபத்து இல்லை. தொங்குகிறதே என்று யாராவது செயினை வெட்டிச் சுருக்கிவிட்டால் அதுதான் ஆபத்து. ஞாபகம் இல்லாமல் பெரியதுக்குப் பெரியது தட்டிவிட்டால் செயின் விறைத்து, டீரெய்லரைப் பிய்த்து, ஹேங்கரையும் சேர்த்து உடைத்துக்கொண்டு வரும். பட்டறையில் அப்படி வந்த பைக்குகளைப் பார்த்திருக்கிறேன். கார்பன் ஃபிரேம் என்றால் பார்க்கவே வயிறு எரியும்.

தம்பிக்கு என் யோசனை: எஸ்எஸ் கூண்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். 105இலேயே அடுத்த தலைமுறை, ஆர்7000 ஜிஎஸ் பின் டீரெய்லர். அது 34 பல் வரை ஏற்கும், திறன் 39. 52/36க்கும் 11-34க்கும் கணக்கு 16, 23, ஆக மொத்தம் சரியாக 39. உன் பழைய 5800 லீவர் இழுக்கும் கேபிள் அளவும் அதற்கு ஒத்துப்போகும். 11 வேக ரோடு செட்டுகளுக்குள் அந்தப் பிரச்சினை இல்லை. மலை பைக்கின் 11 வேக டீரெய்லரை மட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதே, அது கேபிள் இழுக்கும் அளவே வேறு.

ஆர்7000க்குக் கேபிள் நுழையும் கோணம் மாறியிருக்கிறது. பழைய டீரெய்லருக்குப் பின்னால் பெரிய வளையமாகச் சுற்றி வரும் கேபிள் உறை இதற்கு ஆகாது, குட்டையான துண்டு வேண்டும். புதுக் கேபிளும் உறையும் சேர்த்தே வாங்கிக்கொள்.

காரமடை_காற்று

கேசட்டை மாற்றும் முன் பல் வரிசையையும் பாருங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் 11-28: 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. ஷிமானோவின் 11 வேக 11-34: 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. மலைக்குப் போகும் பக்கம் ஒரு குறையும் இல்லை. சமதளத்தில்தான் 12, 14 இரண்டும் காணாமல் போய்விடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பொள்ளாச்சி ரோட்டில் கூட்டமாக ஓட்டிப் பாருங்கள். 15இல் கால் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும், 13இல் பாரமாகிவிடும், நடுவில் ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றும். எனக்கு அது பெரிய எரிச்சல். நான் 11-32இல் நிறுத்திக்கொண்டு, முன்னால் 50/34க்கு இறங்கினேன். 105இன் 11-32 வரிசை 11, 12, 13, 14, 16, 18, 20, 22, 25, 28, 32. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்துப் பாருங்கள், 34/32 என்றால் 1.06. 36/34 என்றாலும் 1.06. இரண்டும் ஒன்றுதான்!

வாட்ஸ்_வள்ளி

காற்று அண்ணன் சொல்வது சரியான கணக்கு. ஆனால் அவர் இரண்டு செயின்ரிங் வாங்கினார், அதைச் சொல்லவில்லை. :) 36ஐ மட்டும் கழற்றி 34 போட்டு, வெளியே 52ஐ அப்படியே விட்டால் வித்தியாசம் 18 ஆகிவிடும். முன் டீரெய்லர் 16க்குத்தான் வடிவமைத்தது. சிலர் அப்படி ஓட்டுகிறார்கள். ஆனால் பெரியதிலிருந்து சின்னதுக்கு விழும்போது செயின் உள்பக்கம் சறுக்கி விழ வாய்ப்பு கூடும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். 5800 கிராங்கின் நாலு கைகளில் 52/36, 50/34 இரண்டுமே உட்காரும். புதுக் கிராங்க் வாங்க வேண்டியதில்லை.

52 போய்விடுகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: 50/11இல் 90 சுற்று மிதித்தால் மணிக்கு 51 கி.மீ. கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது அந்த வேகத்தில் பெடல் மிதிக்கிற யாரையும் நான் பார்த்ததில்லை. எல்லோரும் பிரேக்கில்தான் கை வைத்திருப்பார்கள்.

மலைக்கள்ளன்_46

யாரும் 46/30 பற்றிப் பேசவில்லையே. ஷிமானோவின் கிராவல் பைக் தொடரான ஜிஆர்எக்ஸில் ஆர்எக்ஸ்600 கிராங்க் போட்டால் பின்னால் 11-28ஐ அப்படியே வைத்துக்கொள்ளலாம். 30/28 என்றால் 1.07. வித்தியாசம் 16தான், திறன் 33தான், டீரெய்லரும் மாற்ற வேண்டாம், பல் வரிசையும் நெருக்கமாகவே இருக்கும். காற்று சொல்கிற எரிச்சலும் இல்லை.

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முன்பக்கம் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

செயின்ரிங்கில் ஒரு பல் குறைந்தால் அதன் ஆரம் 2 மி.மீ. சுருங்கும். 52இலிருந்து 46 என்றால் 12 மி.மீ. முன் டீரெய்லரை அவ்வளவும் கீழே இறக்க வேண்டும். சீட் டியூபைச் சுற்றி வளையம் போட்டுப் பிடித்திருக்கும் ரகம் என்றால் பிரச்சினை இல்லை, தளர்த்தி இறக்கிவிடலாம். ஃபிரேமிலேயே ஒட்டிய கொக்கியில் மாட்டும் ரகம் என்றால் அதிலுள்ள காடி எவ்வளவு தூரம் விடுகிறதோ அவ்வளவுதான். பல பைக்கில் 12 மி.மீ. இறங்குவதற்குள் காடி முடிந்துவிடும், இல்லையென்றால் கூண்டின் வால் செயின்ஸ்டேவில், அதாவது பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாயில், இடிக்கும்.

அடுத்தது, ஜிஆர்எக்ஸ் கிராங்கில் செயின் ஓடும் கோடு ரோடு கிராங்கைவிட 2.5 மி.மீ. வெளியே தள்ளி இருக்கும். அதனால் ஷிமானோ அதற்கென்று தனி முன் டீரெய்லர் வைத்திருக்கிறது. கிராங்க், முன் டீரெய்லர் இரண்டும் வாங்கினால் செலவு என் யோசனையைத் தாண்டிவிடும். அச்சு அதே 24 மி.மீ. என்பதால் பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் சுழலும் பேரிங்) மாற்ற வேண்டாம், அது ஒரு ஆறுதல்.

இன்னொன்றும் உண்டு. 46/11இல் 90 சுற்றுக்கு மணிக்கு 47 கி.மீ. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 30 போட்ட பைக்கில் சமதளத்தில் சின்ன செயின்ரிங்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை, 46லேயே குடியிருக்க வேண்டும். மலையடிவாரத்தில் ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும்போது முன்னால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

மலைக்கள்ளன்_46

அது பழக்கம்தான் அண்ணாச்சி. நான் பெரும்பாலும் 46லேயேதான் ஓட்டுகிறேன், 30 மலைக்கு மட்டும். என் பைக்கில் வளையம் போட்ட முன் டீரெய்லர் என்பதால் பிழைத்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தம்பி, உங்கள் பைக்கில் எந்த ரகம் என்று பாருங்கள்.

ஈரோடு_பைபாஸ்

ஃபிரேமில் ஒட்டிய கொக்கிதான். காடியில் கீழே இன்னும் 5 மி.மீ. இருக்கலாம், அவ்வளவுதான். 46/30 எனக்கு ஆகாது போல.

கண்டி_மேடு

கண்டிப் பக்கமிருந்து எழுதுகிறேன். கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் பாதையில் பொதி கட்டிக்கொண்டு போகிறவன். என்னிடம் இருப்பது ஷிமானோ சோரா, 9 வேகம், முன்னால் மூன்று செயின்ரிங்: 50/39/30. பின்னால் 11-32. 30/32 என்றால் ஒன்றுக்கும் குறைவு. சமதளத்தில் 39இலேயே நாள் முழுக்க ஓடலாம், 30 மலைக்கு என்று தனியாக நிற்கும். மூன்று செயின்ரிங்கைப் பழசு என்று எல்லோரும் கழற்றி எறிந்தார்கள். இப்போது அதே கியரைப் பிடிக்க இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

பழைய_ஹெர்குலிஸ்

கண்டி நண்பர் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்.

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

நல்ல செட்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு செயின்ரிங் பைக்கை மூன்றாக மாற்ற இடது லீவர், கிராங்க், முன்னும் பின்னும் டீரெய்லர் என்று எல்லாம் மாற வேண்டும். புதிதாக வாங்குகிறவர் யோசிக்கலாம்.

அடையாறு_ஆலமரம்

டீரெய்லரை மாற்றாமல் ஹேங்கருக்குக் கீழே நீட்டிப்புத் துண்டு ஒன்று போடலாமே? வுல்ஃப் டூத் ரோட்லிங்க் என்று வருகிறது. டீரெய்லரை இரண்டு மூன்று செ.மீ. கீழே இறக்கிவிடும்.

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

பெரிய பல்லுக்கு இடம் கிடைக்கும். கூண்டு குட்டையாக இருப்பது அப்படியேதான் இருக்கும், தொய்வுக் கணக்கு மாறாது. ஜாக்கி சக்கரம் சின்னப் பற்களை விட்டு விலகிப் போவதால் அங்கே கியர் விழுவதும் கொஞ்சம் மந்தமாகும். ஜிஎஸ் டீரெய்லர் வைத்திருப்பவர் 34ஐத் தாண்ட வேண்டுமென்றால் அது நல்ல சாமான். எஸ்எஸ்ஸுக்கு வேண்டாம்.

சக்கரக்கட்டி

கேசட் வாங்கும் முன் இதையும் குறித்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்லவில்லை. ஷிமானோவின் 11 வேக 11-34 கேசட்டுகள் எச்ஜி700, எச்ஜி800 என்ற பெயரில் வருகின்றன. இவை 10 வேக ஹப்பிலும் உட்காரும் அகலத்தில் செய்தவை. உங்கள் சக்கரம் 11 வேக ரோடு ஹப். அதில் கேசட்டுக்குப் பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் ஒன்று போட்டே ஆக வேண்டும். பெட்டிக்குள்ளேயே வரும், மெல்லிய வளையம், பேக்கிங்கோடு குப்பைக்குப் போய்விடும். அதை விட்டுவிட்டு கேசட்டைப் பூட்டும் லாக்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் கேசட் பக்கவாட்டில் ஆடும். கியர் ட்யூனிங் எத்தனை முறை செய்தாலும் நிற்காது, நாம் பாவம் டீரெய்லரைத் திட்டிக்கொண்டிருப்போம். லாக்ரிங் போட்ட பிறகு பெரிய பல்லைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசையக் கூடாது. இறுக்க வேண்டிய அளவு 40 நியூட்டன் மீட்டர். கடைசியில் கர்ர் கர்ர் என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம், உள்பக்கத்து வரிப்பள்ளம் பிடிக்கிற சத்தம் அது.

பத்து வேக பைக் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. சக்கரம் 10 வேகமாக இருந்தாலும், பிற்பாடு 11க்கு மாறும்போது இதே கேசட் அதில் ஏறும்.

ஈரோடு_பைபாஸ்

நன்றிங்க சக்கரக்கட்டி. செயின் பழசே போதுமா? இரண்டாயிரம் கி.மீ.தான் ஓடியிருக்கும்.

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

போதாது தம்பி. தேய்மானம் ஒரு பக்கம் இருக்கட்டும், நீளமே பற்றாது. பெரிய பல் 28இலிருந்து 34 ஆகும்போது செயின் இரண்டு கண்ணி கூட வேண்டும். உன் பைக்கின் செயின்ஸ்டே 41 செ.மீ. இருந்தால் பழையது 108 இருக்கும், புதியது 110 வேண்டும். இது உத்தேசம்தான், அளந்துதான் வெட்ட வேண்டும்.

அளப்பது இப்படி. புதுச் செயினை டீரெய்லருக்குள் விடாதே. முன்னால் 52, பின்னால் 34, இரண்டின் மேலும் நேராகச் சுற்று. இரண்டு முனையும் எங்கே சேர முடியுமோ அந்த இடத்துக்கு மேல் ஒரு முழு அங்குலம், அதாவது இரண்டு கண்ணி, கூட விட்டு வெட்டு. கடையில் கொடுத்தால் எதிரில் நின்று இதைச் செய்யச் சொல். பழைய செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டு அதே நீளத்துக்கு வெட்டுகிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது.

பெடல்_பாண்டி

சரி, போடுங்கள். ஒன்று மட்டும் கேளுங்கள் தம்பி. 34 இருக்கிறதே என்று மலையடிவாரத்திலேயே அதில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். 25, 27இல் எவ்வளவு தூரம் முடியுமோ ஏறிவிட்டு, மூச்சு வாங்கும்போது இலகுவான பல்லுக்குப் போங்கள். ரொம்ப இலகுவான கியரில் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் குறைந்தால் பைக் நேராக நிற்காமல் பாம்பு போல வளையும். வளைவில் மேலிருந்து பஸ் வரும்போது அது விளையாட்டில்லை.

வாட்ஸ்_வள்ளி

பாண்டி அண்ணாவோடு ஒத்துப்போக ஒரு இடம் கிடைத்துவிட்டது. மூச்சு வாங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். முதல் அரை மணி நேரம் பேச்சுக் கொடுக்க முடிகிற அளவில் ஏறுங்கள். அதற்கு 30, 34 தேவைப்பட்டால் கூச்சப்படாமல் போடுங்கள்.

ஈரோடு_பைபாஸ்

எல்லோருக்கும் நன்றி. ஆர்7000 ஜிஎஸ், 11-34 கேசட், புதுச் செயின், கேபிள் எல்லாம் போட்டாகிவிட்டது. முன்னால் 52/36 இப்போதைக்கு அப்படியே. 1.85 ஸ்பேசரை முதலில் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டுத்தான் மெக்கானிக் தம்பியிடம் பெட்டியைக் கொடுத்தேன். செயினைப் பெரியதுக்குப் பெரியது சுற்றி அளக்கச் சொன்னபோது ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் செய்தார். 110 கண்ணிதான் வந்தது அண்ணாச்சி.

நேற்று கோத்தகிரி போனேன். சரிவு கூடிய இடங்களிலும் சுற்று 57, 58க்குக் கீழே போகவில்லை, மற்ற இடத்தில் 65, 70. அரவேணு தாண்டிய பிறகும் உட்கார்ந்தே ஏற முடிந்தது. நேரம் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, வள்ளி அக்கா சொன்ன மாதிரியே. முழங்கால் இன்று காலை படியிறங்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. பொள்ளாச்சிக் காற்று பற்றி ஜூலையில் சொல்கிறேன்.

ஒரே ஒரு தொல்லை. 34இல் இருக்கும்போது கரகரவென்று அரைக்கிற சத்தம். பின்னோக்கி மிதித்தால் இன்னும் மோசம். 30க்கு வந்தால் நின்றுவிடுகிறது.

ஒர்க்‌ஷாப்_அண்ணாச்சி

மேல் ஜாக்கி சக்கரம் 34இன் பற்களை முத்தமிடுகிறது. முன்னால் 36, பின்னால் 34 போட்டு, டீரெய்லரின் பின்புறம் ஹேங்கரை ஒட்டியிருக்கும் பி-ஸ்க்ரூவைக் கடிகாரச் சுற்றாகக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகு. பல் நுனிக்கும் ஜாக்கி சக்கரத்துக்கும் நடுவே 5, 6 மி.மீ. இடைவெளி தெரிந்தால் போதும். ஒரு ஆலன் சாவியை நடுவே விட்டுப் பார்க்கலாம். சத்தம் நின்ற இடத்திலேயே நிறுத்து. அதற்குமேல் போனால் மற்ற கியர்கள் சோம்பேறியாகிவிடும்.

ஈரோடு_பைபாஸ்

ஒன்றரைச் சுற்று திருகினேன். சத்தம் போயே போய்விட்டது.

புதுசைக்கிள்_நாமக்கல்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். கொல்லிமலை எங்கள் ஊர்ப் பக்கம்தான். என்னுடையது 8 வேக கிளாரிஸ், ஆர்2000, 50/34, 11-28. தம்பி ஒருவன் 7 வேக பழைய பைக்கில் வருகிறான். எங்களுக்கும் 34 பல் போட முடியுமா?

சக்கரக்கட்டி

உங்கள் டீரெய்லர் ஜிஎஸ் கூண்டாக இருந்தால் 34 வரை ஷிமானோவே அனுமதிக்கிறது. 8 வேகத்தில் 11-34 கேசட் சுலபமாகக் கிடைக்கும், 11 வேகத்தோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. கேசட், செயின் இரண்டோடு வேலை முடிந்தது. எஸ்எஸ்ஸாக இருந்தால் டீரெய்லரும் சேரும். 34/34 வந்துவிடும், ஈரோட்டுக்காரரைவிட உங்களுக்கு இலகுவான கியர்.

தம்பியின் 7 வேகத்தில் இருப்பது கேசட்டா, ஹப்பில் திருகிப் போடும் ஃப்ரீவீலா என்று முதலில் பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிப்பள்ளமும் பற்களோடு சேர்ந்து சுழன்றால் கேசட். அது அசையாமல் நின்று பற்கள் மட்டும் சுழன்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீலில் 14-34 என்று ஒன்று வருகிறது. ஆனால் கழற்ற டூல் வேறு, பல வருடம் மிதித்து இறுகியிருந்தால் நீளக் கைப்பிடி போட்ட ஸ்பானரும் கூட ஒரு ஆளும் வேண்டும். டீரெய்லர் 34ஐ ஏற்குமா என்பது அப்புறம். மாடல் எண்ணைப் படம் எடுத்துப் போடுங்கள்.